ஒரு நாள் லீவில் தொடங்குவது: தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் வளர்ந்த பிள்ளைகளும் பள்ளிக்கூடமும்

கிராமத்தில் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்த வேண்டும் என்று பெற்றவர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது அபூர்வம். “நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுடுப்பா, தக்காளி பறிக்க ஆள் வரல” என்பதில் அது தொடங்குகிறது. அந்த ஒரு நாள் மாதத்துக்கு நாலு நாளாகும். நாலு நாளில் கணக்கில் ஒரு பாடம் போய்விடும். பாடம் புரியாத பையனுக்கு வகுப்பில் உட்காரப் பிடிக்காது. கடைசியில் “அவனுக்குப் படிப்பு ஏறலைங்க” என்று ஊரே சொல்லிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் 13 வயதிலிருந்து 18 வயது வரை பிள்ளை வளர்ப்பதில் பாதி வேலை, இந்த நழுவலைக் கவனித்துக்கொண்டே இருப்பதுதான். அது எந்த மாதத்தில், எந்த இடத்தில், எதனால் நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

நழுவும் இடங்கள் இரண்டு. ஒன்று எட்டாவது முடிந்ததும், இன்னொன்று பத்தாவது முடிந்ததும். உள்ளூரில் இருப்பது ஐந்தாவது அல்லது எட்டாவது வரையிலான ஊராட்சி ஒன்றியப் பள்ளி. ஒன்பதாவதுக்கு நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும், பிளஸ் ஒன்னுக்கு அதைவிடத் தூரம். எட்டாவது வரை எல்லாருக்கும் தேர்ச்சி என்பதால், சரளமாக வாசிக்க வராத பிள்ளையும் ஒன்பதாவதுக்கு வந்துவிடும். ஏழாம் வகுப்பு முடியும்போதே வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். செய்தித்தாளில் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். 738-ஐ 6-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று தடுமாறினாலும், எட்டாம் வகுப்பு முழுவதும் தினமும் அரை மணி நேரம் அதற்காக ஒதுக்க வேண்டும். ஒன்பதாவதில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அங்கே இயற்கணிதம் நடத்தும் ஆசிரியருக்கு வகுத்தல் சொல்லித்தர நேரம் இருக்காது.

வேளாண்மையும் பள்ளியும் மோதும் மாதங்கள்

நகரத்துப் பெற்றோருக்கு இல்லாத சிக்கல் இது. பள்ளிக்கூடம் ஜூனில் திறந்து ஏப்ரலில் மூடுகிறது. காலாண்டுத் தேர்வு செப்டம்பரில், அரையாண்டு டிசம்பரில், பொதுத்தேர்வு மார்ச்சில். கொல்லைக்காட்டு வேலை இதைப் பார்த்து வருவதில்லை. மானாவாரிக் கேழ்வரகு அறுப்பு நவம்பர், டிசம்பரில், அதாவது அரையாண்டுத் தேர்வை ஒட்டி வரும். புளி உலுக்குவது ஜனவரிக் கடைசியில் தொடங்கி மார்ச் வரை போகும். பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் திருப்புதல் தேர்வுகள் நடப்பதும் அந்த வாரங்களில்தான். மாங்காய் அறுப்பு ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை இழுக்கும். கூழ் தொழிற்சாலைக்குப் பெங்களூரா ரக மாங்காய் லோடு ஏற்றும் வேலை சூடு பிடிக்கும் நேரத்தில் பள்ளி திறக்கிறது. ஜூன் மாதம் முதல் மூன்று வாரம் வகுப்புக்கு வராத பையன்களில் பலர் மாந்தோப்பில் இருப்பார்கள். கோடை விடுமுறையில் வாங்கிய முதல் கூலி கையில் இருக்கும்போது, சீருடை மாட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார அவனுக்கு மனசு வராது. அந்த மூன்று வாரம் தாண்டிவிட்டால், பிறகு அவனைக் கூட்டிவருவது தலைமையாசிரியர் வீடு தேடி வந்தாலும் கஷ்டம்.

பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் இந்த மோதல் இன்னும் கூர்மையானது. இளம்புழு வளர்ப்பு மையத்தில் இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவை வாங்கி இறக்கினால், சுமார் பத்து நாளில் நாலாவது தோலுரிப்பு முடிந்து ஐந்தாம் பருவம் தொடங்கும். அது ஏழெட்டு நாள். ஒரு புழு தன் ஆயுளில் தின்னும் தழையில் ஐந்தில் நாலு பங்குக்கும் மேல் அந்த ஏழெட்டு நாளில்தான் தின்கிறது. தழை வெட்ட, சுமக்க, போட, எச்சம் அள்ள, கூடு கட்டும் நேரத்தில் பழுத்த புழுவைப் பொறுக்க எத்தனை கை இருந்தாலும் போதாது. பிள்ளையை நிறுத்துவது அப்போதுதான். ஆண்டுக்கு ஐந்து தொகுதி எடுக்கும் வீட்டில், தொகுதிக்கு நாலு நாள் என்றாலே இருபது நாள் போச்சு. அதோடு புளிக்கு எட்டு நாள், கேழ்வரகுக்கு ஐந்து நாள், ஊர்ப் பண்டிகை, உறவுக்காரர் கல்யாணம், காய்ச்சல் என்று பன்னிரண்டு நாள் சேர்த்தால் 45. ஆண்டுக்கு 210 பள்ளி நாள் என்றால் ஐந்தில் ஒரு நாள் பிள்ளை வகுப்பில் இல்லை. வீட்டில் யாருக்கும் நிறைய லீவு போட்டதாகவே தோன்றாது, ஏனென்றால் ஒவ்வொரு லீவுக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்தது.

இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. புழு இறக்கும் தேதி நம் கையில் உள்ளது. தேர்வு தொடங்கும் தேதிக்கு முந்தைய பதினெட்டு நாளுக்குள் புழு இறக்கினால், ஐந்தாம் பருவம் தேர்வின் மேல் விழும். மூன்று வாரம் முன்னாலேயே இறக்கிவிடலாம், இல்லையென்றால் தேர்வு தொடங்கிய பிறகு இறக்கலாம். இளம்புழு முன்பதிவு செய்யும்போது பள்ளித் தேர்வு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால் போதும். புளியில் உலுக்குவதும் பொறுக்குவதும் சனி, ஞாயிறில் முடியும். ஓடு உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை வீட்டுக்குள் இரவு வரை இழுக்கும். பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு மாதம் அதிலிருந்து விலக்கு கொடுங்கள். புளிய மரத்தில் ஏறச் சொல்வது எந்த வயதுப் பிள்ளைக்கும் வேண்டாம். கொம்பு நல்லதாகத் தெரிந்தாலும் பிடி வழுக்கும், விழுந்தால் இடுப்பும் முதுகெலும்பும்தான்.

இன்னொன்று, சுவரில் மாட்டும் தினசரி காலண்டரில் பிள்ளை பள்ளிக்குப் போகாத நாளை மட்டும் பேனாவால் சுழித்து வையுங்கள். ஒரு மாதத்தில் மூன்று சுழி வந்தால் வகுப்பாசிரியரைப் போய்ப் பார்க்க வேண்டும். அம்மா, அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், பாட்டியோடு பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இது ரொம்ப முக்கியம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது “நல்லா படிக்கிறியாப்பா?” என்று கேட்டால் “ம்” என்றுதான் பதில் வரும். “இந்த வாரம் காலண்டர்ல எத்தனை சுழி?” என்று பாட்டியிடம் கேட்டால் உண்மை வரும். அப்பா, அம்மா ஊரில் இல்லாவிட்டால் பள்ளியில் யார் கையெழுத்துப் போடுவது, யார் கூட்டத்துக்கு வருவது என்று ஒரு பெரியவரின் பெயரையும் போன் நம்பரையும் ஜூனிலேயே வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளை வராத அன்று பள்ளி கூப்பிடும் நம்பர் பெங்களூரில் சாரத்தின் மேல் நிற்பவருடையதாக இருந்தால் பயனில்லை.

வீட்டு வேலை எதுவரை

வேலையே செய்யாமல் வளர்க்கச் சொல்லவில்லை. பால் கறக்கவும், வரப்பு பார்க்கவும், சந்தையில் விலை பேசவும் தெரிந்த பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும். பள்ளி நாளில் காலையும் மாலையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம், விடுமுறை நாளில் அரை நாள் என்பது 14 வயதுக்கு மேல் தாங்கக்கூடிய அளவு. சட்டமும் இதை ஒட்டியே இருக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே சொந்தக் குடும்ப வேலையில் பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் உதவலாம், கூலி வேலைக்கு அனுப்பக் கூடாது. 14 முதல் 18 வரை சுரங்கம், வெடிபொருள், ஆபத்தான தொழில்கள் கூடாது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் குவாரி இதில் அடங்கும்.

சட்டம் பேசாத சிலவற்றை நாம்தான் நிறுத்த வேண்டும். மருந்து அடிப்பது முதலாவது. 16 லிட்டர் கைத்தெளிப்பான் நிரம்பினால் கிட்டத்தட்ட 20 கிலோ. முதுகில் கசியும் மருந்து தோல் வழியாகவே உள்ளே போகும், பிள்ளைக்கு உடல் எடை குறைவு என்பதால் பாதிப்பு பெரியவரைவிட அதிகம். இரண்டாவது, ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போட அனுப்புவது. ஈரக் கை, நைந்த ஒயர், மூடியில்லாத ஸ்டார்ட்டர் பெட்டி மூன்றும் சேரும் இடம் அது. போகிற வழியில் பாம்பு. மொபைலில் இயங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்கிப் பொருத்துவது பிள்ளையின் தூக்கத்துக்கும் உயிருக்கும் போடும் காசு. மூன்றாவது, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பாலக்கோடு காட்டோரங்களில் கேழ்வரகுக்கு யானைக் காவல். பரண் மேல் பையன் ஒருவனை மட்டும் விடுவதும், பட்டாசைக் கொடுத்து முன்னால் அனுப்புவதும் கூடவே கூடாது.

பாம்பு கடித்தால் செய்ய வேண்டியதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். ஓடக் கூடாது, கடித்த இடத்தைக் கீறக் கூடாது, கயிறு இறுக்கக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ ஆடாமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது. தரையில் படுத்துத் தூங்கிய பிள்ளை விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, கண் இமை தூக்க முடியாமல் சொருகினால், பல் தடம் தெரியாவிட்டாலும் அதைப் பாம்புக்கடி என்று எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

பஸ், சைக்கிள், மதியச் சாப்பாடு

பத்தாவதோடு சத்துணவு முடிகிறது. முட்டையோடு பள்ளியில் சாப்பிட்ட பிள்ளை, பிளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதத்திலிருந்து டப்பா கொண்டுபோக வேண்டும். ஆனால் பள்ளி தூரம் என்பதால் பஸ் ஏழரைக்கே வந்துவிடும், அதற்குள் அடுப்பு வேலை முடிந்திருக்காது. காலையில் டீ, மதியம் பள்ளிக்கு வெளியே ஒரு பன், சாயங்காலம் ஆறு மணிக்குக் களி. வேகமாக வளரும் வயதில் இப்படி ஓட்டும் பிள்ளைகள் எத்தனையோ. மூன்று மணிப் பாடத்தில் தூங்கி வழிந்தால் சோம்பேறி என்று பெயர். முதல் நாள் ராத்திரிச் சோற்றில் தாளித்த புளிச்சோறு, அவித்த கடலை ஒரு கைப்பிடி, அவித்த முட்டை ஒன்று போதும். காலையில் பத்து நிமிட வேலை.

கேழ்வரகுக் களி சாப்பிடுவதால் இரும்புச்சத்துக்குக் குறைவிருக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து சுமார் 350 மில்லிகிராம், எலும்புக்கு அது பெரிய வரம். இரும்பு நாலைந்து மில்லிகிராம்தான், அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சொல்லும் இரும்பு 30 மில்லிகிராம். ஆகவே களியோடு கீரை, கொள்ளு, காராமணி, மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது ஈரல் அல்லது கறி வேண்டும். கூடவே கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை மாதிரி புளிப்பு. சாப்பிட்டவுடன் டீ குடித்தால் கிடைத்த இரும்பும் வீணாகும், ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். பள்ளியில் வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால்தான் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே எறிகிறார்கள். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போவது சாதாரணம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு மாவட்டங்களுக்கும் தனிக் கவனம் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும் ஊர்கள் நிறைய இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குழாயில் காவிரித் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது இதற்குத் தீர்வாகாது. காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். பல்லில் ஏற்கெனவே விழுந்த பழுப்புக் கறை இனி மாறாது, எலும்புக்குச் சேதம் மட்டும் தொடரும். குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து வைப்பதுதான் வழி.

இலவச சைக்கிள் பதினொன்றாவதில் கிடைக்கிறது. அது தேவைப்படும் முதல் இடம் ஒன்பதாவது. அண்ணன், அக்கா சைக்கிள் வீட்டில் சும்மா நின்றால், அதைச் சரிசெய்து ஒன்பதாவது போகும் பிள்ளைக்குக் கொடுங்கள். புது சைக்கிள் வந்த அன்றே மெக்கானிக்கிடம் விட்டு எல்லா நட்டையும் முறுக்கி வாங்க வேண்டும், பலதும் தளர்வாகவே வரும். பிரேக் கட்டை ரிம்மைத்தான் பிடிக்க வேண்டும், டயரை உரசக் கூடாது. செயின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள். சின்னப் பிள்ளைக்குப் பெரிய சைக்கிள் கொடுத்து அது இடுப்பை ஆட்டி ஆட்டி மிதித்தால், ஒரு மாதத்தில் முதுகு வலி என்று சைக்கிள் திண்ணையில் சாய்ந்துவிடும். பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் கட்டாயம். மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து திரும்பும் நேரத்தில் தக்காளி வண்டிகளும் கரும்பு டிராக்டர்களும் அதே சாலையில் வரும்.

அந்த ஸ்பெஷல் கிளாஸ்தான் பெண் பிள்ளைகளை நிறுத்தும் காரணங்களில் ஒன்று. நாலேகாலுக்கு ஊருக்கு வரும் டவுன் பஸ், ஐந்தரைக்கு வகுப்பு முடியும்போது போயிருக்கும். அடுத்தது ஏழு மணிக்கு. “பொழுது சாஞ்சு வர வேணாம்” என்று அப்பா சொல்வதில் தப்பில்லை, ஆனால் அதன் விலை மார்ச்சில் தெரியும். பஸ் நேரத்தை மாற்றக் கேட்டு மனு எழுதும்போது பொதுவாக “பஸ் வசதி வேண்டும்” என்று எழுதினால் நகராது. வழித்தட எண், நிறுத்தத்தின் பெயர், இப்போது வரும் நேரம், வேண்டிய நேரம், எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் என்று எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தோடு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடமும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். மனு எண்ணை வாங்கி வையுங்கள்.

பையன்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பஸ் இல்லை என்று அப்பாவின் பைக்கை எடுக்க விடாதீர்கள். கியர் வண்டிக்கு லைசன்ஸ் 18 வயதில்தான். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி சிறுவன் ஓட்டி மாட்டினால் பெற்றோர் அல்லது வண்டிக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டிப் பதிவு ஓராண்டு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசன்ஸ் கிடையாது. விபத்தென்றால் இன்சூரன்ஸும் கைவிடும்.

வயசுக்கு வந்த பிறகு

பெண் வயசுக்கு வந்ததும் ஒன்பது நாளோ பதினாறு நாளோ தனியே உட்கார வைத்து, பிறகு மஞ்சள் நீராட்டு என்று ஒரு மாதம் பள்ளி போகிறது. சீரும் பத்திரிகையும் வேண்டுமென்றால் கோடை விடுமுறைக்குத் தள்ளி வைக்கலாம். தீட்டுக் கழித்து மூன்றாம் நாளே பள்ளிக்கு அனுப்புகிற வீடுகள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கின்றன. அரசு தரும் புதுயுகம் நாப்கின் இரண்டு மாதத்துக்கு 18. போதாத பிள்ளைக்குக் கூடுதலாக வாங்கிப் பையில் இரண்டு வைத்தனுப்புங்கள். மாதம் மூன்று நாள் வீட்டில் இருந்தால் ஆண்டுக்கு 30 நாள், மேலே போட்ட லீவு கணக்கில் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

விழா முடிந்த அன்றே உறவில் பேச்சு தொடங்குகிறது. மாமன் வீட்டில் கேட்கிறார்கள், தங்கமான பையன், பெங்களூரில் வேலை. பத்தாவது தேர்வு முடிந்த மே மாதமும் அடுத்து வரும் வைகாசி முகூர்த்தங்களும்தான் ஆபத்தான காலம். பெற்றவர்களை அவசரப்படுத்துவது பேராசையை விடப் பயம். “யாரையாச்சும் கூட்டிக்கிட்டு ஓடிட்டா என்ன பண்றது?” என்பது பல வீடுகளில் வெளியே சொல்லாத கேள்வி. அந்தப் பயத்தில் படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்தால், பெண்ணுக்குப் போக இடமும் பேச ஆளும் இல்லாமல் போகிறது, கையில் இருக்கும் போன் ஒன்றே துணையாகிறது. பயந்தது அப்போதுதான் நடக்கிறது. தினமும் பள்ளிக்குப் போய்த் திரும்பும், வீட்டில் நடந்ததைச் சொன்னால் அடி விழாது என்று தெரிந்த பெண் சிக்கலில் மாட்டினாலும் முதலில் அம்மாவிடம்தான் வரும்.

ரகசியமாகக் கோவிலில் தாலி கட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதும் தவறு. கருத்தரித்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தாக வேண்டும், அங்கே ஆதாரில் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள். 18 ஆகவில்லை என்றால் தகவல் காவல் நிலையத்துக்குப் போகும். மாப்பிள்ளை மேல் போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கு வரும். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் மாப்பிள்ளைக்கும், நடத்தி வைத்தவர்களுக்கும், பெற்றோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. பெண்ணின் சம்மதம் எதையும் மாற்றாது. பிள்ளையோ, தோழியோ, ஆசிரியரோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஒரு போன் செய்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்திலிருந்து வருவார்கள். கல்யாணத்தை நிறுத்திய பிறகு பிள்ளை அதே வீட்டில்தான் இருக்க வேண்டும், அதனால் அடுத்த வாரமே பள்ளிச் சேர்க்கையோ கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா மாதிரி உறைவிடப் பள்ளியோ ஏற்பாடாகாவிட்டால் மூன்று மாதத்தில் வேறு ஊரில் வைத்து முடித்துவிடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் உதவ வேண்டிய இடம் இதுதான்.

மாணவியர் விடுதிகளைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் சேர வீட்டுக்கும் பள்ளிக்கும் 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண் கல்லூரியோ, பாலிடெக்னிக்கோ, ஐடிஐயோ சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கும் இதே தொகை தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. “படிக்க வைக்கக் காசில்லை” என்று பேச்சு வரும்போது இந்த ஆயிரத்தை நினைவுபடுத்தலாம், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அது போகும்.

பெயர், இனிஷியல், பிறந்த தேதி

ஒன்பதாவதில் செய்து முடிக்க வேண்டிய வேலை இது, ஆனால் பலர் பிளஸ் டூ முடித்த பிறகுதான் தொடங்குகிறார்கள். பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் ஒரே கட்டிலில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பள்ளியில் இனிஷியல் மட்டும், பிறப்புச் சான்றில் வீட்டுப் பெயர் என்று இருக்கும். பத்தாவது பெயர்ப் பட்டியல் தயாராகும் முன் தலைமையாசிரியரிடம் சொன்னால் திருத்துவது சுலபம். மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிவிட்டால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போய் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 15 வயதில் ஆதாரில் கைரேகை, கருவிழி புதுப்பிப்பதும் கட்டாயம். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையாவிட்டால், தேர்வாகியும் உதவித்தொகை வராது. எட்டாவதில் எழுதும் தேசிய வருவாய் வழித் தேர்வில் தேறியவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருகிறது. அது இப்படி நின்றுபோவது கொடுமை.

சாதிச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலையூர்களில் பழங்குடியினர் சான்று கோட்டாட்சியர் கையெழுத்தில் வருவதால் நாளாகும், அந்தக் குடும்பங்கள் எட்டாவதிலேயே தொடங்கிவிட வேண்டும். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும், அதனால் ஒவ்வொரு மே மாதமும் புதிதாக எடுங்கள். குடும்பத்தில் பட்டம் படித்தவர் யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றும் வேண்டும், பொறியியல் கலந்தாய்வில் கல்விக் கட்டணம் குறையும்.

பத்தாவது முடிவு வந்த அந்த வாரம்

மே மாதம் முடிவு வருகிறது. ஒரு பாடத்தில் 35-க்கு நாலு மார்க் குறைந்தால் பையன் அந்த வாரமே மாங்காய் லோடுக்குப் போகிறான், அல்லது ஓசூருக்கு. பெண்ணுக்கு ஜாதகம் எடுக்கிறார்கள். துணைத்தேர்வு ஜூன் கடைசியில் அல்லது ஜூலையில் நடக்கும், தேறினால் அதே ஆண்டு பிளஸ் ஒன், பாலிடெக்னிக், ஐடிஐ எதிலும் சேரலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. விண்ணப்பிக்கச் சில நாள்தான் தருவார்கள். எனவே முடிவு வந்த மறுநாளே பள்ளிக்குப் போய்ப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். தவறிய பாடம் கணக்கு என்றால் ஆறு வாரத்தில் முழுப் புத்தகத்தையும் தொட வேண்டாம். வரைபடம், செய்முறை வடிவியல், உறவுகளும் சார்புகளும், புள்ளியியல், நிகழ்தகவு இவற்றைத் தினமும் எழுதிப் பழகினாலே தேர்ச்சிக்கு வேண்டிய மார்க் வந்துவிடும்.

அந்த வாரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து, எலி மருந்து எதுவானாலும் பெட்டியில் பூட்டிச் சாவியைப் பெரியவர் இடுப்பில் வைத்துக்கொள்ளட்டும், மார்க் குறைந்த வீட்டில் மட்டுமல்ல, எல்லா வீட்டிலும். பேசாமல் சுருண்டு படுக்கும் பிள்ளைக்கு 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். பெரியப்பாவோ தாய்மாமனோ வந்து, “பரவாயில்லடா, ஜூலையில எழுதிக்கலாம்” என்று முதல் நாளே சொல்வது பெரிய உதவி.

துணைத்தேர்விலும் தவறினால் எட்டாவது தகுதியில் வெல்டர், ஒயர்மேன் போன்ற ஐடிஐ பிரிவுகள் இருக்கின்றன. ஓசூர்ப் பக்கம் இந்தக் கைத்தொழிலுக்கு வேலை நிற்காமல் இருக்கிறது. இரண்டு ஆண்டு ஐடிஐ பிரிவு முடித்து, பத்தாவதும் தேறியவருக்குப் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டும், அங்கிருந்து பொறியியல் கல்லூரியில் நேரடி இரண்டாம் ஆண்டும் திறந்திருக்கிறது. கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க ஊருக்குள் வேன் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: கம்பெனி ஆளா, கான்ட்ராக்டா? பிஎஃப், இஎஸ்ஐ உண்டா? ஷிப்ட் முடிந்து விடுதிக்கு யார் கூட்டிப்போவது? அசல் சான்றிதழ் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள். மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் அடுத்தவர் பெட்டியில் போய்விட்டால், அடுத்த ஜூனில் மறுபடி படிக்க நினைத்தாலும் எடுத்துக்கொண்டு போய்ச் சேர எதுவும் கையில் இருக்காது.